பிளசருக்கு வாக்கப்பட்டவள்

இந்தக் கதையில் எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. விடுதியில் என் அறையில் இருந்த செண்பகம் எனக்குச் சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா கோமதி சொன்னது. நடந்தபோது கோமதிக்குப் பாவாடை கட்டுகிற வயது, பெரியவர்கள் பேசியதில் பாதி அவருக்கு அப்போது விளங்கியிருக்காது, மீதிப் பாதியை அவர் பிறகு கேட்டு நிரப்பியிருக்கலாம். பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுத எனக்குப் பயம் உண்டு. அதனால் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது பருத்திக்குளம். அந்த ஊருக்கு ஆவுடையப்பன், பஞ்சாலை முதலாளி ஒருவரிடமிருந்து வாங்கிய பிளைமூத் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, ஊர் மொத்தமும் மந்தையில் கூடி நின்றது. கார் என்று யாரும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தில் அதற்குப் பிளசர் என்றுதான் பேர். இளம்பச்சையும் வெள்ளையுமாக, இரண்டு மாட்டுவண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளத்தில், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போன்ற பளபளப்பில், பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் தகடு லேசாக மேலே தூக்கி நிற்க, அது வெயிலில் நின்றது. பக்கவாட்டில் வெள்ளி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஓட்டிவந்த டிரைவர் சூசைக்கு மட்டும்தான் அங்கே இங்கிலீஷ் எழுத்து தெரியும்.

"என்ன பேருவே போட்டிருக்கு?" என்று கேட்டார் ஒருவர்.

"சவாய்."

"செவ்வாயா?"

"செவ்வாய் இல்ல அண்ணாச்சி. சவாய். எஸ்ஸு, ஏ, வி..."

"அதான்வே. வெள்ளைக்காரன் வாயில செவ்வாய் அப்படித்தான் நுழையும்."

சூசை கொஞ்ச நாள் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பஞ்சாலை முதலாளி வாங்கிய சூட்டிலேயே அதைத் தள்ளிவிட்டதற்கும் காரணம் கிடைத்துவிட்டது, அவர் வீட்டம்மா செவ்வாய் என்று எழுதிய வண்டியில் ஏறமாட்டேன் என்றிருப்பார். அன்றிலிருந்து பெண் பார்க்கவோ பரிசம் போடவோ யாரும் அந்த வண்டியைப் பேசவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தால் கழுகுமலைக்குப் போக இடம் பிடிக்க விடியும் முன்பே ஆள் வந்துவிடும், ஏனென்றால் அது முருகனுக்கு உகந்த கிழமை, வண்டிக்குப் பேரும் அதுவே, போதாததற்குப் பின்னால் மயில் விரிக்கப் போவதுபோல் இரண்டு தகடு. அந்தத் தகடுகளுக்குத் தோகை என்று பேர் வந்தது அப்படித்தான்.

ஆவுடையப்பனுக்கு மனைவி இல்லை, இரண்டு பெண்கள். இளையவள் கோமதி. மூத்தவள் உலகம்மாளுக்கு ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய். எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, வாசலில் நிற்கிற வண்டியின் பேரைக் கேட்டதும் செருப்பைத் தேடினார்கள்.

ஜோசியர் மந்திரமூர்த்தி பரிகாரம் சொன்னார். வாழைமரத்தை மாப்பிள்ளையாக நிறுத்தி அதன் பேரில் உலகம்மாளுக்குத் தாலி கட்ட வேண்டும், கட்டின கையோடு வாழையை வெட்டிவிட வேண்டும், வாழையோடு தோஷமும் போய்விடும், அதன் பிறகு எந்த மாப்பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஊர் உலகத்தில் நடக்கிற பரிகாரம்தான். ஆனால் மழை தப்பிப் போய், குடிக்கிற தண்ணீருக்கே குடம் வரிசை கட்டிய அந்த வருடத்தில், பருத்திக்குளத்தைச் சுற்றி எங்கும் வேரோடு நிற்கிற வாழை ஒன்றுகூட இல்லை. தாமிரபரணிப் பக்கமிருந்து வண்டியேற்றி வந்ததெல்லாம் வெட்டின வாழை, அதை மறுபடி எங்கே வெட்டுவது? மந்திரமூர்த்தி யோசித்தபடி வாசலைப் பார்த்தார்.

"பேரிலேயே செவ்வாய் நிக்குது. இதைவிடப் பொருத்தமா மாப்பிள்ளை எங்க போய்த் தேட?"

மாப்பிள்ளை வீட்டார் யார் என்ற கேள்வி வந்தபோது சூசையை மாப்பிள்ளைத் தோழனாக நிறுத்தினார்கள். அவர் கிறிஸ்தவர், வேதக்காரராயிற்றே என்று ஒருவர் இழுத்தார். "மாப்பிள்ளை சீமையில பிறந்தவரு, அவரும் வேதக்காரராத்தான் இருப்பாரு" என்று இன்னொருவர் அதை முடித்துவைத்தார். ஐப்பசியில் ஒரு நல்ல நேரத்தில், மஞ்சள் கயிற்றை சூசை ஸ்டியரிங்கில் தொட்டு எடுத்துக் கொடுக்க, அவர் மனைவி மரியாள் நாத்தனார் முறைக்கு நின்று மூன்று முடிச்சுப் போட்டாள். உலகம்மாள் தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்ததை, பக்கத்தில் நின்ற கோமதி பார்த்தார்.

"இப்ப வெட்டணும்" என்றார் மந்திரமூர்த்தி.

"எதை?" என்றார் ஆவுடையப்பன்.

"மாப்பிள்ளையைத்தான்."

ஆவுடையப்பன் சிரித்தார். ஜோசியர் சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"முழுசா வேண்டாம். தோகையை மட்டும் அறுத்தாப் போதும். வாழையிலயும் மரத்தைத்தான வெட்டுதோம், கிழங்கை விட்டுருதோம்ல."

"நாளைக்குக் கழுகுமலைச் சவாரி ஒத்துக்கிட்டிருக்கேன் சாமி. தோகை இல்லாம மொட்டையாவா கொண்டு போக? ஐப்பசி கழியட்டும்."

ஐப்பசி கழிவதற்குள் தோகை வளர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் சூசை வண்டியைத் துடைக்கப் போனபோது இடுப்புக்குக் கீழே இருந்த தகடு இடுப்பைத் தாண்டி நின்றது. அவர் அதையும் சேர்த்துத் துடைத்தார். வண்டியின் மூக்கும் தாழ்ந்து, கண்ணாடியும் அகன்று, மொத்தமாக அது வேறு ஒரு வயதுக்கு வந்திருந்தது. அடுத்த ஐப்பசியிலும் அப்படி மாறியது, அதற்கடுத்த ஐப்பசியிலும் மாறியது. வாழை என்று நினைத்துக் கட்டினோம், வெட்டாமல் விட்டோம், வாழை மாதிரி வளர்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், அதற்குமேல் காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. செய்ய வேண்டிய வேலைகள்தான் இருந்தன. ஆவுடையப்பன் கொட்டகையின் பின்சுவரை இடித்துவிட்டுக் கீற்றுத்தட்டி வைத்தார். மந்தையிலிருந்த வேம்பின் தாழ்ந்த கிளையை, தோகையில் கீறல் விழாமலிருக்க ஊரே கூடிக் கழித்தது. சவாரி இல்லாத பொழுதில் பெண்கள் ஒரு தோகையிலிருந்து மறு தோகைக்குக் கொடி கட்டிச் சேலை காயப்போட்டார்கள். கோவில்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். தேர்தல் வந்தபோது ஒரு கட்சி வலது தோகையிலும் மறு கட்சி இடது தோகையிலும் கொடி கட்டிக்கொள்வது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள், அதில் சண்டை வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தோகை வளரத் தொடங்கியதிலிருந்து மழை தப்பவில்லை. ஐப்பசியில் தகடு நீளும், அந்த வாரமே கிழக்கே கறுக்கும். முதல் இடி கேட்டதும் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் மந்தைக்கு வந்து வண்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு விதைப்பெட்டியைத் தூக்கினார்கள்.

உலகம்மாளின் கழுத்தில் கயிறு அப்படியே கிடந்தது. வெட்டினால்தானே கழற்றலாம்.

முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. கிணற்றடிக்கு அவள் குடத்தோடு போனால், "உன் வீட்டுக்காரர் இன்னைக்குச் சாத்தூரு போயிருக்காரு போல" என்பார்கள். "குடுத்துவச்சவ. அடிக்காத புருசன், கள்ளுக்கடைக்குப் போகாத புருசன்" என்று ஒருத்தி சொல்ல, "ஆனா பெட்ரோலு குடிப்பாருல்லா" என்று இன்னொருத்தி சொல்வாள். உலகம்மாளும் சேர்ந்து சிரிப்பாள். ஒருநாள் அவள், "வாரச் செவ்வாய்க்கிழமை எங்க அத்தை வாராக" என்று சொன்னபோது, வாளியை இறைத்துக்கொண்டிருந்த பெண் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"ஏ உலகு, புருசன் பேரைச் சொல்லுத?"

கேலி இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் உலகம்மாளுக்கு அது தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் வாரத்தில் அந்த நாளைத் திங்களுக்கு மறுநாள் என்று சொல்லப் பழகினாள். கோமதி பள்ளிக்கூடப் பாடத்துக்காகக் கிழமைகளை ஒப்பிக்கும்போதுகூட அக்காவுக்கு முன்னால் அந்த ஒன்றை மட்டும் முழுங்கிவிட்டுப் புதனுக்குப் போவார். வளைகாப்புக்கு அவளைச் சுமங்கலி என்று கூப்பிடுவதா, பொங்கலுக்குக் கும்மி அடிக்கக் கன்னிப்பெண் என்று கூப்பிடுவதா என்று தெரியாமல், இரண்டுக்கும் கூப்பிடாமல் விட்டார்கள். யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. இலை போடும்போது எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு வண்டி அவள் தொட்டால்தான் கிளம்புவேன் என்று ஆரம்பித்தது. ஒரு மழைக்காலக் காலையில் சூசை சாவியைத் திருகித் திருகி ஓய்ந்து, ஆறேழு பேர் தள்ளியும் அசையாமல் நின்றபோது, தூக்குச்சட்டியில் அவருக்குக் காப்பி கொண்டுவந்த உலகம்மாள் ஈரக்கையைக் கதவில் ஊன்றினாள், எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. அதற்குப் பிறகு அவள் கை படாமல் அது ஒருநாளும் கிளம்பவில்லை. போகிற இடத்தில் நிறுத்தினால் திரும்பக் கிளப்ப அவள் வேண்டும், அதனால் சவாரி போகிற இடமெல்லாம் முன்சீட்டில் அவளும் போனாள். சாத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி வாசல், கோர்ட்டு வாசல், மற்றவர்களின் கல்யாண வீட்டு வாசல். பந்தலுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடி மேளச்சத்தம் கேட்பாள். அவளுக்கு வரன் பார்ப்பதை ஆவுடையப்பன் எப்போது நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியாது. தரகர் வந்தால், "பாப்போம், பாப்போம்" என்று மோர் கொடுத்து அனுப்பினார்.

ஒரு ஐப்பசியில் பக்கவாட்டிலிருந்த எழுத்தும் மாறிப்போயிருந்தது. சூசை எழுத்துக்கூட்டி, "பெல்வெடேர்" என்றார். செவ்வாய் போய்விட்டதே, அப்படியானால் தோஷம் கழிந்ததா, இவள் இப்போது யார், புருஷன் பேரை மாற்றிக்கொண்டால் பெண்டாட்டி மாறுவாளா என்று மந்தையில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. பேர்தான் மாறியிருக்கிறது, ஆள் அதே ஆள்தான் என்று முடிவாயிற்று. பழைய பேரும் புருஷன் பேர்தான் என்பதால் செவ்வாய்க்கிழமை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. புதுப் பேரில் எந்தத் தமிழ் வார்த்தையும் இல்லாதது ஒரு நிம்மதி. அதற்கடுத்த ஐப்பசியில், தோகை ஆள் உயரத்தையும் தாண்டி ஓங்கி, எழுத்து மறுபடியும் மாறியது.

"ப்யூரி" என்றார் சூசை.

"பூரியா?"

சூசை இந்தத் தடவை திருத்தவேயில்லை.

அதனால்தான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில், சூசையோடு பலகாரம் சாப்பிட உட்கார்ந்த உலகம்மாள், என்ன வேண்டும் என்று கேட்டவரிடம், "அது ஒரு செட்டு குடுங்க. உப்பி வருமே, அது" என்றாள்.

"அப்பளமா?"

"இல்ல. எண்ணெயில போடுவாங்களே, கிழங்கு வச்சுத் தருவாங்களே."

"பேரைச் சொல்லு தாயி, கூட்டம் நிக்குது."

"சொல்லமாட்டா" என்றார் சூசை. "அது அவ வீட்டுக்காரர் பேரு."

பக்கத்து மேசையில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். பருத்திக்குளம் வழியாகப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் வெயிலுமுத்து. சிரித்தவர், அவள் கையிலிருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்தினார்.

"பூரி ஒரு செட்டு அந்த அம்மாவுக்கு" என்று அவரே சத்தம் கொடுத்தார். பிறகு அவளிடம், "நான் சொல்லலாம்லா? எனக்கு அவரு முறை ஒண்ணும் இல்லையே" என்றார்.

உலகம்மாள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்கா சிரித்ததாக அன்று சாயங்காலம் சூசை வந்து வீட்டில் சொன்னது கோமதிக்கு நினைவிருக்கிறது.

வெயிலுமுத்துவுக்கும் ஏழில் செவ்வாய். இரண்டு பக்கமும் செவ்வாய் இருந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்துவிடும், எந்தப் பரிகாரமும் தேவையில்லை. உலகம்மாளுக்கு ஆரம்பத்திலேயே இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் கதையே இல்லை. அவர் பஸ்ஸை மந்தையில் நிறுத்தும்போதெல்லாம் இருவரும் பேசினார்கள், பஸ் காத்திருக்கிற நேரம்தான் பேச்சு நேரம். புரட்டாசியில் அவர் தன் அம்மாவோடு பேசிவிட்டு வந்து அவளிடம் சொன்னார்:

"வெட்டினாலும் நான் வாரேன், வெட்டாட்டியும் வாரேன். ஆனா எங்கம்மா வெட்டினாத்தான் வருவா. இன்னொருத்தர் தாலியோட இருக்கிற பிள்ளைக்கு எப்படிரா பூ வைக்கன்னு கேக்கா. ஐப்பசிக்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா தையில எங்க மாமன் மகளைப் பேசிருவா."

"நீங்க அவளைக் கட்டிக்கிடுவீகளா?"

அவர் கொஞ்ச நேரம் டிக்கெட் பையைத் திறந்து மூடினார். "எங்கம்மா அழுவா" என்றார். "அழுதா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. பொய் சொல்ல மாட்டேன்."

அன்று அவள் அப்பாவிடம் பேசினாள். கோமதி கதவுக்குப் பின்னால் இருந்தார்.

"அப்பா, ஐப்பசி கழியட்டும்னீக."

"ஆமா."

"எத்தனை ஐப்பசி கழிஞ்சிருச்சு."

"வெட்டிப்புட்டு அது ஓடலைன்னா? கோமதியை எதை வச்சுக் கரையேத்த?"

"அது பிளசருப்பா."

"ஊரே மாப்பிள்ளைங்குது."

"நீங்க சொல்லுதீகளா?"

ஆவுடையப்பன் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஏற்கெனவே துடைத்திருந்த வண்டியை முன்னிருந்து பின்வரை மறுபடியும் துடைத்தார். தோகைக்கு வந்தபோது அவர் கை எட்டவில்லை.

விஷயம் மந்தைக்கு வந்துவிட்டது. வெட்டலாம், சாஸ்திரம் அதுதான், ஆனால் மழை எதனால் வருகிறது என்று தனக்குச் சொல்லத் தெரியாது என்றார் மந்திரமூர்த்தி. சம்சாரிகளும் வந்திருந்தார்கள். அதில் ஒருவர், கெட்டவர் இல்லை, பேறுகாலத்தில் மரியாளுக்குப் பசும்பால் கொடுத்தனுப்பியவர், கடைசியில் சொன்னார்:

"அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்தான். ஆனா ஒரு பிள்ளைக்காக ஊரு மழையை அறுக்கச் சொல்லுதீகளா?"

யாரும் அறுக்கச் சொல்லவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. கார்த்திகை பிறக்கட்டும், பேசிக்கொள்ளலாம் என்று கலைந்துவிட்டார்கள். அந்த ஐப்பசியில் தோகை இன்னும் நீளப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், மழைக்காக வண்டியின் முன்னால் பொங்கல் பானை வைப்பது என்றும் பேச்சு இருந்தது.

ஐப்பசியின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் கழுகுமலைச் சவாரிக்கு வண்டி நிறைந்திருந்தது. மடியில் மடி வைத்துப் பெண்கள், காலடியில் பிள்ளைகள், தேங்காய்ப் பை, பால்செம்பு, நடுவில் மந்திரமூர்த்தி. சூசை ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருந்தார். ஆவுடையப்பன் வெளியே நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் காத்திருந்தது உலகம்மாள் வந்து கதவைத் தொடுவதற்கு. அவள் தலை குளித்து, வெளுத்த மஞ்சள் சேலையில் வந்தாள். கதவைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். டிக்கியைத் திறந்து, சூசையின் சாமான் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கிற ரம்பத்தை எடுத்து, வலது தோகையின் அடியில் வைத்து இழுக்க ஆரம்பித்தாள்.

வண்டிக்குள் இருந்தவர்களுக்கு முதலில் அது எஞ்சின் சத்தம் என்று தோன்றியது. சத்தம் வந்தும் வண்டி நகரவில்லையே என்று ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏ உலகு. என்னளா செய்யுத?"

"அறுக்கேன் மதினி."

"நாங்க உள்ள இருக்கோம்லா?"

"இருங்க. இந்தா முடிஞ்சிரும்."

முடியவில்லை, தகடு தடிமனாக இருந்தது. மழைக்காகக் கும்பிட்டவர்கள் ஓடிவந்து சுற்றிலும் நின்றார்கள். அவள் கையைப் பிடிக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, ஏனென்றால் அவள் அவர்கள் கணக்கில் இன்னொருவரின் மனைவி, புருஷன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். பிடிக்கக்கூடிய ஒரே ஆள் ஆவுடையப்பன். அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் ரம்பத்தை நிறுத்தாமல் அவரைப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டார். சூசை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரம்பம் பாதிக்கு வந்தபோது வெட்டிலிருந்து நீர் கசிந்தது. கண்ணாடிபோல் தெளிந்த, வாசனை இல்லாத நீர். அது அவள் கையிலும் சேலையிலும் வழிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகத் திரண்டது. அந்தக் கரிசல் காட்டில் பலருக்கு அது என்னவென்று தெரியவில்லை. தாமிரபரணிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த ஒருத்தி மட்டும், "வாழைக்கறைல்லா அது. சோப்புப் போட்டாலும் போகாதே" என்றாள், சேலைக்காக வருத்தப்பட்டதுபோல. வலது தோகை சாய்ந்து மண்ணில் விழுந்தது. உலகம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இடது பக்கம் போனாள். அங்கே ரம்பத்தை வைப்பதற்கு முன்னால், அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பின்சீட்டில் கண்ணாடியோரம் உட்கார்ந்திருந்த கோமதிக்கு மட்டும்தான் கேட்டது.

"கோவிச்சுக்கிடாதீரும்."

இரண்டாவது தோகையும் விழுந்த பிறகு, கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்துக் கதவுக் கைப்பிடியில் கட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றாள். மறுபடியும், நாக்கு பழகிக்கொள்வதுபோல, "செவ்வாய்க்கிழமை" என்றாள்.

சூசை சாவியைத் திருகினார். யாரும் தொடாமலே வண்டி கிளம்பியது. உள்ளே இருந்தவர்களுக்கு வேண்டுதல் இருந்தது, அதனால் அவர்கள் கழுகுமலைக்குப் போனார்கள். உலகம்மாள் வேம்படியில் நின்று, கோவில்பட்டி பஸ் வந்ததும் ஏறினாள். வெயிலுமுத்து அவள் சேலையைப் பார்த்தார்.

"என்ன கறை இது?"

"வாழைக்கறை."

"இந்த ஊர்ல ஏது வாழை?"

அவள் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினாள். வேண்டாம் என்றார். கிழித்துக் கொடுங்க என்றாள்.

தையில் கழுகுமலையில் கல்யாணம் நடந்தது. ஆவுடையப்பன் வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், அட்சதை போட்டார், சாப்பிடாமல் போனார். வண்டி அதற்குப் பிறகு எல்லாப் பிளசரையும்போல் ஓடியது, நின்றது, தள்ளினால் கிளம்பியது. நடுவழியில் நின்றுபோகும்போதெல்லாம் அவர் இறங்கி, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். அறுத்த தோகைகளை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஒன்று கொட்டகைக்குப் பின்சுவராயிற்று, மற்றது தெரியாது என்றாள் செண்பகம். அதற்குப் பிறகு மழை பெய்ததா என்றும் கேட்டேன். அவள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டு வந்து சொன்னாள்: "பெஞ்ச வருசமும் உண்டு, பெய்யாத வருசமும் உண்டாம். பெய்யாத வருசத்துக்கெல்லாம் பெரியம்மாவைத்தான் சொன்னாங்களாம்."

உலகம்மாள் இறக்கும்வரை பருத்திக்குளத்துக்கு ஒரு நல்லது கெட்டதற்கும் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

கோமதியின் கணக்குப்படி தோகையை அறுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருடம் ஐப்பசியில். பல வருடங்கள் கழித்து, சென்னையில் ஒரு நூலகத்தில், பழைய அமெரிக்கக் கார்களை வருடவாரியாகப் படம் போட்ட ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. கதையில் எவ்வளவு பிசகு என்று தெரிந்துகொள்ளத்தான் எடுத்தேன். சவாய், பெல்வெடேர், ப்யூரி மூன்றும் பிளைமூத் கம்பெனியின் பெரிய வண்டிகளின் பேர்கள்தான். ஐம்பத்தாறில் பின்தகடு லேசாகத் தூக்கியிருக்கிறது, ஐம்பத்தேழில் உயர்ந்துவிடுகிறது, அறுபதில் ஓங்கி நிற்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினேன். அறுபத்தொன்றின் வண்டிகள் அறுபதாம் வருடம் நம் ஐப்பசி வாக்கிலேயே அங்கே விற்பனைக்கு வந்துவிட்டதாகப் போட்டிருந்தது. பேர்கள் அதேதான். படத்தில் எந்த வண்டிக்கும் தோகை இல்லை.